குர்பான் ஆட்டுக்குப் பெயர் வைத்த வகுப்பு

1. த்ரீவீலில் வந்த கிடா

கொட்டாஞ்சேனையில் ஒரு பாலர் பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்தேன். ஃபிளாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஆடு என்றால் சுவரில் ஒட்டிய படம். அதனால் ஒரு வருடம் ஹஜ் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்பு, என் வகுப்பில் இருந்த ஸைனப்பின் வாப்பாவிடம் கேட்டேன். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். மாளிகாவத்தையில் அவர் வீட்டு முற்றத்தில் குர்பான் கொடுக்க வாங்கிய கிடா நின்றது. பெருநாளுக்கு அறுத்து, இறைச்சியைச் சொந்தக்காரருக்கும் இல்லாதவர்களுக்கும் பங்கிடுவார்கள்.

"கொண்டு வாறன் டீச்சர். பேர் மட்டும் வெக்க வேணாம். பேர் வெச்சா புள்ளைகளுக்குக் கஷ்டமாப் போகும்" என்றார்.

கிடா த்ரீவீலின் பின் சீட்டில், அவர் மடியில் தலையை வைத்தபடி வந்தது. "ரெண்டு பேர் எண்டாலும் மீட்டர் ஒண்டுதான்" என்று டிரைவர் சிரித்தார். கிடாவை என் கையில் கொடுத்துவிட்டு வாப்பா கடைக்குப் போனார்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்மாருக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வையுங்கள். ஆட்டைச் சுற்றி வளைக்க விடாதீர்கள், வெருண்டால் முட்டும். தலையைத் தொட விடாமல் கழுத்துப் பக்கம் தடவச் சொல்லுங்கள். பலா இலையைக் காம்பில் பிடித்து நீட்டச் சொல்லுங்கள். ஸைனப்புக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. "பயப்பட வேணாம். அதுக்கு மேல முன்பல்லே இல்ல" என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து அவளே தடவ வைத்தாள்.

"ஆடு எங்களுக்கு என்ன தரும்?" என்று கேட்டேன்.

"மட்டன் ரோல்ஸ்!" என்றான் கவின்.

எல்லோரும் சிரித்தோம்.

2. பேர்

பாடசாலையை நடத்திய மெடம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன டீச்சர், பேர் இல்லாமல் என்ன ஆக்டிவிட்டி? பிள்ளைகளே வைக்கட்டும்."

"வைக்க வேணாம் எண்டு அவர் சொன்னவர் மெடம். பெருநாளுக்கு அறுக்கிற ஆடு."

"அவர் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை."

பிள்ளைகள் 'சுட்டி' என்று கத்தினார்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் 'எங்கள் புதிய நண்பன் சுட்டி' என்று படம் போனது. முப்பது இதயம் விழுந்திருக்கும்.

3. லீவு முடிந்து

பெருநாள் லீவு முடிந்து வந்த அன்று காலையிலேயே பிள்ளைகள் ஸைனப்பைச் சுற்றிக்கொண்டார்கள். "சுட்டி எங்க?"

"அறுத்தாச்சு" என்றாள் அவள். "நான் நிறைய அழுதேன். விருப்பமானதைத்தான் குடுக்கணும் எண்டு வாப்பா சொன்னார்."

"அதுக்கு நொந்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கொஞ்ச நேரம் நொந்திருக்கும் என்று தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் அழுதார்கள், ஸைனப்பும் சேர்ந்து அழுதாள். பிறகு பணிஸ் சாப்பிட்டுவிட்டு எல்லோருமாக ஊஞ்சலுக்கு ஓடினார்கள். விட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பின்னேரம் கவினின் அம்மா எனக்கு போன் எடுத்தார். "பிள்ளை சாப்பிடேல்லை டீச்சர். இப்பிடியான ஆக்களோட எப்பிடிப் பிள்ளையை விடுறது?"

இப்படியான ஆட்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் குடுத்து விடுற ரோல்ஸில இருக்கிறது மரத்தில காய்ச்சதோ?" என்றேன்.

"அது வேற டீச்சர். அதுக்குப் பேர் இல்லைத்தானே."

அடுத்த நாள் ஸைனப் பாயை விரித்ததும் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பாய்களை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். "அம்மா உன்னோட இருக்க வேணாமாம்" என்றான் கவின். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னான். நான் என் கதிரையை அவள் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அதைவிட என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தக் கிழமைக்குள் மெடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இந்தத் தவணைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில வச்சிருக்கச் சொல்லுங்கோ. மற்றத் தாய்மார் எல்லாரும் எங்கட பிள்ளையளை விலத்தப் போறம் எண்டு நிக்கினம்."

"பேர் வைக்கச் சொன்னது நீங்கள். படம் போட்டதும் நீங்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது?"

"குரலைக் குறையுங்கோ டீச்சர்."

நான் குறைக்கவில்லை. ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

4. கூட்டிப்போக வந்தார்

வாப்பா வந்தார். சத்தம் போடுவார், நானும் சேர்ந்து போடலாம் என்று காத்திருந்தேன். அவரோ, "மத்தப் புள்ளைகள் அழுததாம். மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்" என்றார்.

ஸைனப் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நானும் அழுதேன் எண்டு சொன்னேனே டீச்சர். அவங்களுக்குக் கேக்கல்லயா?"

"கேட்டது" என்றேன்.

அடுத்த தவணைக்கும் அவள் வரவில்லை.

வகுப்புக்கு ஆடு கொண்டுவாருங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முதல் தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆடு யாருடையது, எதற்காக வளர்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிடிக்காதவர்கள் அன்று பிள்ளையை அனுப்பாமல் இருக்கட்டும். சண்டை வருமென்றால் அன்றே பிடித்து முடியுங்கள். பிறகு வந்தால், ஆடு தந்த வீட்டுப் பிள்ளையைத்தான் வெளியே அனுப்புவார்கள்.