ஃப்ரிட்ஜுக்குப் பிடித்த குடை

கத்திரி வெயிலில் திருவேற்காட்டில் படப்பிடிப்பு. நான் உதவி இயக்குநர். நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனின் ஃப்ரிட்ஜில் தண்ணீர் சில்லென்று இல்லை என்று, அதன் ஓட்டுநரை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவருக்கு நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு.

“சும்மா சும்மா தொறந்துகினே இருந்தா எப்டி சார் கூலாவும்?” என்றவர், வழக்கம்போல் ஃப்ரிட்ஜ் கதவை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மதியம் தண்ணீர் சில்லென்று இருந்தது. அவரைத் தேடி வண்டியின் பின்பக்கம் போனேன். வண்டியின் வெளிச்சுவரில், ஃப்ரிட்ஜின் அனல் வெளியேறும் துவாரங்களில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலை வெயிலில் இருந்தது.

கூசிப்போய் வண்டிக்குள் ஓடினேன். ஒரு பாட்டில் எடுத்து வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இதுக்கோசரமா சார் மறுபடி தொறந்தீங்க?”

பாட்டில் என் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது.