பேஸ் டிராம்போனுக்கு ஒரு ரசிகர்

இன்று குற்றாலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாப்பது வருசத்துக்கு முன்ன தென்காசியில எங் கல்யாண ஊர்வலத்துல நீட்டுக் குழா ஊதுனது நீங்கதானே?"

எங்கள் கல்யாண பேண்டில் ஐந்தே பேர். பாட்டெல்லாம் டிரம்பெட்டுகளுக்கு, அடியில் முட்டுக் கொடுப்பது, குழாயை முன்னே நீட்டி இழுத்து ஊதும் என் பேஸ் டிராம்போன். அதை விசாரித்த முதல் மனிதர் இவர்தான். நெஞ்சு நிமிர்ந்தது.

"நாந்தான். வாசிப்பு எப்படி இருந்துச்சு?"

"அத யாரு கேட்டா? குழாய நீட்டுனா முன்னால போறவன் பிடரில இடிக்கும்னு உங்கள முன்வரிசையில விட்டாங்க. ஆல்பம் பூரா எம் மூஞ்சிக்குக் குறுக்க உங்க குழாதான். 'மாப்பிள்ளை எங்க?'ன்னு எம் பொண்டாட்டி இன்னைக்கும் கேக்குறா."

பேண்டு குழுவில் பேஸ் டிராம்போனுக்கு என்ன வேலை என்று இனி யாரும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் மாப்பிள்ளையைக் காணோமா? சொல்லுங்கள், மறைத்தது நானாகத்தான் இருக்கும்.