பெயர் மாறிய தட்டான்கள்

என் தட்டான்பூச்சிப் புத்தகம் அச்சான சிவகாசி அச்சகத்தில் அவர் மெஷின்மேன். ஒல்லியான ஆள். நரைத்த புருவத்தில் எப்போதும் நீல மை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தாளையும் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகும் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு பக்கத்தில் குளிர்நாட்டுச் சிவப்புத் தட்டான்கள் இரண்டு இருந்தன. "ஒரே படத்த ரெண்டு தடவ வச்சிட்டீகளா சார்?" என்றார்.

இரண்டும் நெருங்கிய இனங்கள் என்றேன். இடது பக்கத்துத் தட்டானுக்கு நெற்றியின் கறுப்புக் கோடு கண்ணோரமாகக் கீழே இறங்கும், வலது பக்கத்தில் உள்ளதற்கு மேலேயே நின்றுவிடும்.

லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "எறங்குற கோடு வலதுலதான இருக்கு. பேரு மாறிக் கெடக்கு சார்."

என் தவறுதான். மெஷினை நிறுத்தினார்.

"பட்டாசுக் கம்பெனி வெடிச்சப்ப எம் பொண்டாட்டியும் அவ தங்கச்சியும் ஒரே ரூம்ல இருந்தாக. ஆஸ்பத்திரில ரெண்டு பேரையும் காட்டுனாக. கோடு கீடு ஒண்ணும் இல்ல சார். இதுதான் எம் பொண்டாட்டின்னு கையக் காட்டிட்டேன். இன்னொண்ண சகலை வாங்கிட்டுப் போனான்."

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எரிச்சாச்சு சார்" என்றார்.

பிறகு பெயர் திருத்திய புது பிளேட் மாட்டி, முதல் தாளையும் லென்ஸையும் என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

சரியாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.