ஊசி டப்பாவுக்கு அடியில் ஒரு ரசீது

எண்பதுகளில் மலைமேல் ஒண்டிக்கடையில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. இரண்டு மெஷின். ஒன்றில் நான், இன்னொன்றில் தலைச்சோலை கிராமத்திலிருந்து வரும் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னைவிட நன்றாகத் தைப்பார். அதை ஒருநாளும் அவரிடம் நான் சொன்னதில்லை. நூல், பித்தான் வாங்குவது முதல் பஞ்சாயத்து ஆபீசில் என் வீட்டு வரி கட்டுவது வரை எல்லாம் அவர்தான். எனக்கு ஆபீஸ் படி ஏறவே பயம்.

ஒரு மார்கழியில், பூட்டிக் கிடக்கும் பங்களா ஒன்றுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வேண்டியிருந்தது. நான் போக வேண்டிய வேலை. குளிருக்குச் சோம்பல்பட்டு அவரை அனுப்பினேன். பத்து நாளில் அந்தப் பங்களாவின் பின்கதவை உடைத்து யாரோ வெள்ளிச் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சமீபத்தில் உள்ளே போய் வந்தவர் யார் என்று போலீஸ் தேடியது. தைத்துக்கொண்டிருந்தவரை அப்படியே எழுப்பிக் கூட்டிப்போனார்கள். நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன், எனக்கே கேட்காத குரலில்.

சேலம் கோர்ட்டில் ரிமாண்ட் செய்து ஜெயிலில் வைத்தார்கள். பிறகு ஜாமீன் கிடைத்தது. கிடைத்தால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று வக்கீல் குமாஸ்தா விளக்கினார். கையில் பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் நேரில் வந்து, இவர் வாய்தா தவறாமல் வருவார், வராவிட்டால் இன்ன தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் ரத்த சொந்தம். அதற்கு அவருடைய அண்ணன் சிட்டாவோடு தயாராக இருந்தார். இன்னொருவருக்குத்தான் திண்டாட்டம். தலைச்சோலையில் பலரிடம் நிலம் இருந்தது, ஆனால் சிட்டாவெல்லாம் செத்துப்போன அப்பன், பாட்டன் பெயரில். அவர்கள் எழுந்து வந்தா கையெழுத்துப் போடுவார்கள்? அவருக்குத் தெரிந்த வட்டாரத்தில், தன் பெயரிலேயே வீட்டு வரி ரசீது வைத்திருந்தவன் நான்தான்.

அவருடைய மனைவி வந்து கேட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருடைய அம்மா அப்போது படுத்த படுக்கை, சின்ன மகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முன் கோர்ட் இருந்தது இரண்டே நாள். அதற்குள் கையெழுத்தாகாவிட்டால் லீவு முடியும்வரை அவர் உள்ளேதான்.

அன்று சாயங்காலம் சலூனில் ஒருவர் சொன்னார், ஜாமீன் போட்டால் ரேஷன் கார்டில் கோர்ட் சீல் குத்திவிடுவார்களாம். மாதாமாதம் அந்தச் சீலோடு சர்க்கரை வாங்கப் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதோடு, ஒருவேளை அவர்தான் எடுத்திருந்தால் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மறுநாள் அவருடைய மனைவியிடம் ரசீதைக் காணோம் என்றேன்.

அவர் சேலம் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் காலையில் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“ஏனுங்க, ரசீது அவரு மெஷின் டிராயர்லயே இருக்குதாமுங்க. ஊசி டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கறாராமா. நீங்க தேடிச் சங்கடப்படுவீங்கன்னு நொம்ப வெசனப்பட்டாருங்க.”

அங்கேதான் இருந்தது, முந்தின நாள் வரை. அப்போது அது என் சட்டைப்பையில் இருந்தது. நான் டிராயரை இழுத்து, ஊசி டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். “பாரு கண்ணு, இங்கயும் இல்லயே” என்றேன். அவருடைய மனைவி டப்பா இருந்த இடத்தைப் பார்த்தார். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலன்று அவருடைய அம்மா இறந்துபோனார். தகவல் ஜெயிலுக்குப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

லீவு முடிந்ததும் வாழப்பாடியிலிருந்து அண்ணனின் மச்சினன் வந்து கையெழுத்துப் போட்டார். இவர் மொட்டைத்தலையோடு மலையேறினார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார், எதுவும் நடக்காத மாதிரி மெஷினில் உட்கார்ந்தார். ஊசி மாற்ற டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்தார்.

ரசீது அங்கே இருந்தது. வீட்டில் வைத்திருக்கப் பயந்து, பழைய இடத்திலேயே நான் திரும்ப வைத்திருந்தேன். அவ்வளவுதான் என் புத்தி. அவர் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு, டப்பாவை அதன்மேல் வைத்து மூடினார். எந்தத் துணியை முதலில் தைப்பது என்று கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு தள்ளுபடியானது. அதுவரை ஒரு வாய்தாகூட அவர் தவறவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது. அவர் திரும்பி வந்த சில மாதத்தில் வரி கட்டும் நாள் வந்தது. கேட்க வாயில்லாமல் பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தார். ரசீதை டிராயரில் வைக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று கையில் கொடுத்தார்.

“நீங்களே வெச்சுக்குங்க. தேடாம இருக்கும்” என்றார்.