சகலை வீட்டு மெத்தை

மரியராஜின் பன்றிப் பட்டி நாறியது. அது அவருக்கும் தெரியும். அவரால் தாங்க முடியாதது வேறு: சகலை பொன்ராஜின் பட்டி நாறவில்லை.

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, இரண்டு பட்டிகளுக்கும் நடுவில் நான்கு பருத்திக்காடுதான் இருக்கிறது. மரியராஜ் அருப்புக்கோட்டைப் பஞ்சுக்கடை ஒன்றில் பதினோரு வருடம் லோடு ஏற்றியவர். தோள் விட்டுப்போன பிறகு ஆறு பன்றிகளை வாங்கி, சிமெண்ட் தளம் போட்டு, காலையும் மாலையும் கழுவித் தொழில் செய்தார். அவர் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா ஞானப்பூவைக் கட்டியவர் பொன்ராஜ். மரியராஜைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். முதல் இரண்டு குட்டிகள் மரியராஜ் கொடுத்தவை.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து பார்ப்பது பொன்ராஜின் பட்டியை. அங்கே கழுவுவதே இல்லை. மண்தரையில் குழி தோண்டி உமியும் கடலைத்தொலியும், காய்ந்த பருத்திச்செடியை நறுக்கிய பருத்திமாரும் நிரப்பியிருக்கிறார். பன்றிகள் அதன்மேலேயே சாணம் போட்டு, அவையே மூக்கால் கிளறிக் கலந்துவிடுகின்றன. உள்ளே மட்கிச் சூடாகிறது, வாடை எழுவதில்லை. ஊரார் அதை மெத்தை என்கிறார்கள். பன்றிக்கு மெத்தை போட்ட மகராசன் என்று முதலில் சிரித்துத் திரிந்தவர் மரியராஜே.

மரியராஜ் கழுவிவிட்ட தண்ணீர் பக்கத்துக் காட்டுக்காரர் மொக்கையனின் வரப்போரம் தேங்கியது. மொக்கையன் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் நாற்றம் நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அத்தான்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றார் ஸ்டெல்லா.

"எங்கிட்டக் குட்டி வாங்குன ஆளுகிட்ட நான் போயிப் பாடம் கேக்கணுமாக்கும்."

அந்த ஞாயிறு, வயிறு சரியில்லை என்று சொல்லி மரியராஜ் பூசைக்குப் போகவில்லை. எல்லோரும் கோயிலில் இருந்த நேரத்தில் பருத்திக்காட்டைக் கடந்து பொன்ராஜின் பட்டிக்குள் நுழைந்தார். மெத்தையில் ஒரு கம்பை விட்டு அளந்தார். இரண்டடி. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். மழை பெய்த மண்போல மணத்தது. அதில் கோபம் இன்னும் கூடியது. வெளியே பைக் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக ஓடி வந்துவிட்டார்.

மறுநாள், ஆசையாகப் போட்ட சிமெண்ட் தளத்தைக் கடப்பாரையால் உடைத்தார். இரண்டரை அடி தோண்டினார். சகலையைவிட அரையடி அதிகம். பார்த்தபடியே எல்லாம் நிரப்பினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சகலையின் மெத்தை அளவுக்கு இருந்தால் போதாது, அதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. காலையும் மாலையும் கழுவிப் பழகிய கையும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வேளையும் மெத்தைமேல் பிளீச்சிங் பவுடர் தூவினார்.

எட்டு நாள் பட்டி ஆஸ்பத்திரி போல மணத்தது. ஒன்பதாம் நாள் முன்பைவிட மோசமாக நாறியது. மெத்தை ஈரத்தில் கூழாகிச் சில்லிட்டுக் கிடந்தது.

ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு நடந்தார். மாலையில் பொன்ராஜின் லோடு ஆட்டோ பன்னிரண்டு சாக்குடன் வந்து நின்றது. சாக்குகளில் இருந்தது அவருடைய பழைய மெத்தை. பொன்ராஜ் இறங்கி, குழியில் ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"ஏன் சகலை, பிளீச்சிங் பவுடரா போட்டீக?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"மட்க வைக்கிறதே கண்ணுக்குத் தெரியாத உசுருகதான். அதத்தான் தெனம் ரெண்டு வேள கொன்னுருக்கீக."

மரியராஜ் பவுடர் பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

"அன்னைக்குப் பூசைக்கு வந்திருந்தா அங்கனயே சொல்லிருப்பேன்ல. நீங்க விட்டுட்டு வந்த கம்புலதான் உங்க மதினி துணி காயப்போடுறா."

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கச் சாக்குகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் கூழை அள்ளி வெளியே போட்டார்கள். புது உமியோடு பொன்ராஜின் பழைய மெத்தையைக் கலந்து நிரப்பினார்கள். இரண்டு வாரத்தில் மெத்தை சூடேறியது. பன்றிகள் காதுவரை புதைத்துக் கிளறின.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது மொக்கையன் வந்தார். வேலியோரம் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"பொன்ராஜு பட்டி மாதிரியே இருக்கே. சரி, மனுவ வாபஸ் வாங்கிர்றேன்."

பட்டி பிழைத்தது. ஆனால் மரியராஜின் முகம் சுண்டிவிட்டது. "அவுகளுக்குக் குட்டி குடுத்ததே நான்தான்" என்றார்.

"குட்டி நீங்க குடுத்தீக, சரி. மெத்த அவுக குடுத்ததுல்ல" என்று சொல்லிவிட்டு மொக்கையன் வரப்பில் நடந்தார்.

மரியராஜ் குழியோரம் குந்தி, முழங்கைவரை மெத்தைக்குள் கையை விட்டார். நல்ல சூடு. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா பட்டியில இம்புட்டுச் சூடு இருக்குமா?"

ஸ்டெல்லாவும் கையை விட்டுப் பார்த்தார். அன்று பன்னிரண்டு சாக்கையும் அள்ளிக் கட்டியது அவர் கைதான்.

"அங்கன இன்னுங் கொஞ்சம் கூட" என்றார்.

மரியராஜ் எழுந்துபோய் இன்னொரு சாக்குப் பருத்திமாரைப் பிரித்தார்.