போசியின் விளிம்பில் இரண்டு எழுத்து

என் அம்மாவின் மூக்கு யாருடையது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நுனியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. அம்மா வளர்ந்த மாமன் வீட்டில் யாருக்கும் அது கிடையாது. அவருடைய அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துபோய்விட்டார். போட்டோ ஒன்றுகூட இல்லை. "அப்பன் மொகத்தைப் பாக்காமயே போய்ச் சேர்ந்துருவனாட்ட இருக்குது" என்று அறுபத்தெட்டு வயதில் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் விட்டுப்போனது ஒரு பித்தளைப் போசி மட்டும். அம்மா அந்தப் பாத்திரத்தில்தான் அரிசி போட்டு வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்தபோது, விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு எழுத்தும், உக்கடம் என்ற ஊர்ப்பேரும் தெரிந்தன. எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் பாத்திரம் இரவல் போகும். மாறிப்போகாமலிருக்கப் பாத்திரத்துக்காரர் பேரின் முதலெழுத்துகளை வெட்டி வைப்பார்கள். எழுத்து அம்மாவுடைய அப்பாவின் பேருக்கு ஒத்துவரவில்லை; அப்படியானால் இது அவரைப் பெற்றவர், அம்மாவின் தாத்தாதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவசரம் எனக்குக் கூடப்பிறந்தது. சார்ட் அட்டையில் வம்ச மரம் வரைந்து, உச்சியில் அந்த இரண்டு எழுத்தைப் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஏற்றினேன். ஒரு மாமா, "நல்ல ஒசரமான ஆளு கண்ணு, சின்ன வயசுல பாத்திருக்கறேன்" என்று வாய்ஸ் மெசேஜே அனுப்பினார்.

அந்த ஒசரமான தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடிக்க, போசியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பஸ் இறங்கினேன். மூன்று பாத்திரக் கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். நாலாவது பழைய கடை. அதை நடத்தும் பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஏனுங்க, இது எங்க தாத்தா பேருங்க" என்றார் பாய்.

அப்படியானால் இவர் எனக்கு என்ன முறை என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன்.

"போசிக்காரர் பேரில்லீங்க, குடுத்தவர் பேரு" என்றார். "கடையில வேலை செஞ்சவங்களுக்குக் கல்யாணம்னா, தாத்தா தன் கையாலயே பேர் வெட்டி இப்படி ஒண்ணு குடுப்பாருங்க."

கல்யாணப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? என் கல்யாணத்துக்கு வந்த குடங்களில் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவுடைய அப்பாவின் பேரைச் சொன்னேன். பாய் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார்.

"தாத்தாவுக்குப் பக்கத்துல நிக்கறவருங்க. இந்த வயசுல போயிட்டானேன்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

கடை வாசலில் இரண்டு பேர். ஒருவர் தாடி வைத்த பெரியவர். மற்றவர் இளவட்டம், மூக்கு நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. பாய் ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டோவைக் கழற்றினார். "அம்மாகிட்டக் காட்டிப்போட்டு நெதானமாக் கொண்டாங்க" என்று செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அம்மா அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். போட்டோவை வாங்கி, அந்த மூக்கைத் தொட்டார். பிறகு தன் மூக்கைத் தொட்டார். படத்தில் இருப்பவருக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயதிருக்கும். அந்த வயதுக்காரர் யாரைப் பார்த்தாலும் அம்மா கூப்பிடுவது ஒரே விதமாகத்தான்.

"எங்க போயிருந்த கண்ணு?"

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. "அப்பனைப் போய்க் கண்ணுங்கறேன் பாரு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும், தப்பாக வரைந்த மரத்தைக் கிழித்துப்போடலாம் என்று எழுந்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காத. அந்த ரெண்டெழுத்துக்காரரு உச்சியிலயே இருக்கட்டும். எங்கப்பனை இத்தனை வருசம் செவுத்துல வெச்சிருந்தது அவரு ஊட்டாளுகதானே."