சந்தனம் பூசிய இரண்டு சிவப்புக் கத்திகள்

மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த வாசமும் அரைத்த சந்தனத்தின் வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும்? ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அதுதான் ஆயுத பூஜையின் வாசம்.

இலங்கையில் கரவனெல்லப் பக்கம் எங்கள் தோட்டம். அம்மாவும் பாக்கியம் அத்தையும் பால் வெட்டுகிறவர்கள். அத்தை அப்பாவின் தங்கை. லயம் என்னும் வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவருடையது. மலையிலும் அம்மாவின் மரங்களுக்கு அடுத்த வரிசைதான்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது தோட்டத்தில் பால்வெட்டுப் போட்டி வைத்தார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், மார்க் போய்விடும். தோட்டத்தை நடத்தும் துரை மரம் மரமாகக் குனிந்து பார்த்தார்.

அம்மா முதலிடம். அத்தை இரண்டாமிடம். அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசன். அம்மாவுக்கு... துரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கத்தி!

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கும். பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், டின் வெட்டி, பல் குத்தும் குச்சி... சுருட்டிவிட்ட கம்பி ஒன்று எதற்கென்று லயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா அதைக்கொண்டு தண்ணீர் வரும் பீலிக் குழாயில் அடைத்திருந்த இலைகளை இழுத்தெடுத்தார்.

இரண்டு கிழமை கழித்து அத்தை அவிசாவளைச் சந்தையிலிருந்து அதே மாதிரி ஒன்றோடு வந்து நின்றார்.

"பாருங்க அண்ணி, ஒங்களுக்கு மட்டுந்தான் துரை குடுப்பாரா? எனக்கு முதலாளியே குடுத்தாரு."

"எந்த முதலாளிடி?"

"தரையில சாக்க விரிச்சி ஒக்காந்திருந்த முதலாளி. 'ஒரிஜினல் நங்கி, ஒரிஜினல்'னு சிங்களத்துல தங்கச்சி மொற கொண்டாடி, கையப் புடிச்சி இழுக்காத கொறதான்."

"அவரு ஒக்காந்திருந்த சாக்கு மட்டுந்தான்டி ஒரிஜினலா இருக்கும்!"

அந்த ஆயுத பூஜைக்கு, வழக்கம்போல, இரண்டு வீட்டு ஆயுதங்களையும் எங்கள் வாசலில் ஒன்றாக வைத்தோம். கழுவித் துடைப்பது என் வேலை. அடையாளத்துக்காக அம்மா தன் கத்தியின் வளையத்தில் மஞ்சள் நூல் கட்டியிருந்தார். சாமி முன்னால் அழுக்கு நூலா என்று அதை அறுத்துப் போட்டேன். இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது... எது யாருடையது?

மறுநாள் காலையில் ஆயுதங்களை எடுக்க வந்த இருவரிடமும் அழுதுகொண்டே சொன்னேன்.

"இதுக்கா அழுவுற? தள்ளு." அம்மா இரண்டு அலகுகளையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றைத் தரையில் வைத்தார். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. அத்தை குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

மூன்றே கிழமைதான். எங்கள் கத்தியின் பல்குச்சி காணாமல் போனது. கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டாமல் மென்றது. டின் மீன் திறக்கப் போய் டின் வெட்டியே மடங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை டின் திறக்கும் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்டது.

அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு. அதை நான் தொலைத்துவிட்டேன்.

"அத்தைக்கிட்ட இருக்கிறதுதாம்மா நம்மளுது."

"சும்மா இரு புள்ள. துரை சாமானும் ஒடையத்தான் செய்யும்."

எனக்கு மனது ஆறவில்லை. அடுத்த ஆயுத பூஜையில் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன். நல்லதை எங்கள் பெட்டியில் நானே போட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால்... பல்குச்சி இல்லாத அதே கத்தி! சந்தனப் பூச்சில் மறுபடியும் தவறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகள் இணையத்தில் அப்படி ஒரு கத்தியை வரவழைத்தாள். அலகின் அடியில் உள்ள எழுத்தை ஃபோனில் பெரிதாக்கி, வேறொரு படத்தோடு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்தில் அசல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்போது இரத்தினபுரியில் எங்களோடு இருக்கும் அம்மா அதை வாங்கிப் பெருவிரலால் தடவினார். "ம்... அதே இரும்பு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "அப்ப அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"பால் வெட்டுறவளுக்கு இரும்பு தெரியாதா? அடுத்த வருசம் நீ மாத்தி வச்சத திருப்பிக் கொண்டுபோய் வச்சதும் நாந்தான்."

"ஏம்மா?"

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். போட்டியன்று ஒரு மரத்தில் கத்தி கட்டையில் பட்டுவிட்டதாம். சட்டென்று மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டாராம். துரை கவனிக்கவில்லை.

"மொத எடம் பாக்கியத்துக்குத்தான் வரணும். சொல்ல வெக்கமா இருந்திச்சி. நீ நூல அறுத்ததும், சாமியே பாத்து மாத்திவிட்ட மாதிரி ஆயிருச்சி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உடனே தோட்டத்திலிருக்கும் அத்தைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"பாக்கியம், ஒன்னு சொல்லணும்டி. அந்தப் போட்டியில நான்..."

"மண்ணு பூசுனதா அண்ணி?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பக்கத்து மரம் என்னோடதுதானே, நான் பாக்காமயா இருப்பேன்? அதான் நல்ல கத்தி கைக்கு வந்தப்ப நானும் வாயத் தொறக்கல."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா? ஒங்க பேர அடிச்சிட்டு, மூணாவதா வந்த கங்காணி பொண்டாட்டிய ரெண்டாவதா ஏத்தி விட்டிருப்பாங்க. அந்தம்மா நடக்கிற நடைய அப்புறம் யாரு பாக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கால் மணி நேரமானது.

இங்கே நாங்கள் இருக்கும் வீட்டைச் சுற்றி உயரமான மதில். பக்கத்து வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. லயத்தில் இருந்தது ஒற்றைச் சுவர். அதன் இரண்டு பக்கமும் எல்லாம் தெரிந்த இரண்டு பெண்கள், ஒன்றுமே தெரியாதவர்களைப் போல, விடியற்காலையில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, பால் வாளிகள் இடிபட, சேர்ந்தே மலைக்குப் போனார்கள்.